மத்திய வங்கித் தலைவரின் பணிவாழ்வை எழுதுவது எப்படி: ஜேனட் யெலனை முன்வைத்து

அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசர்வின் முதல் பெண் தலைவர் என்று தொடங்கினால், ஜேனட் யெலனைப் பற்றிய கட்டுரை முதல் வரியிலேயே ஏறக்குறைய முடிந்துபோகும். 2014 பிப்ரவரி முதல் 2018 பிப்ரவரி வரை வகித்த அந்தப் பதவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அவருடைய ஆய்வுக் கேள்வியைத் தேடுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பொருளியலாளர் ஜேம்ஸ் டோபினிடம் பயின்று 1971-இல் முனைவர் பட்டம் பெற்ற அவர், வேலை தேடுவோர் மலிந்திருக்கும் காலத்திலும் நிறுவனங்கள் கூலியைக் குறைக்கத் தயங்குவது ஏன் என்பதைக் கணவர் ஜார்ஜ் அகெர்லாஃபுடன் சேர்ந்து ஆராய்ந்தார்.

அடுத்து, வட்டி விகிதத்தை முடிவுசெய்யும் குழுவின் உரையாடல் பதிவுகளைப் படியுங்கள். அவை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து முழுமையாக வெளியாகின்றன. நேர்காணல்களைவிட இவையே எனக்கு நம்பகமானவை. 1996 ஜூலைக் கூட்டத்தில், விலை நிலைத்தன்மை என்றால் என்னவென்று தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் விளக்க, அதற்கு ஓர் எண்ணைச் சொல்ல முடியுமா என்று அப்போது ஆளுநர்களில் ஒருவராக இருந்த யெலன் கேட்கிறார். பணவீக்கத்தைச் சரியாக அளந்தால் சுழியம் என்கிறார் கிரீன்ஸ்பான். சரியாக அளக்காத கணக்கில் 2 சதவீதத்தை நோக்கிப் போகலாம் என்கிறார் யெலன். விலைகள் சற்றே உயர்ந்துகொண்டிருந்தால், சம்பளச் சீட்டில் உள்ள தொகையை வெட்டாமலே கூலியின் உண்மை மதிப்பு தணிய வழியுண்டு என்பது அவர் வாதம். பழைய ஆய்வுக் கேள்விதான் இங்கே பேசுகிறது. 2012 ஜனவரியில் அதே 2 சதவீதம் அதிகாரபூர்வ இலக்கானபோது அவர் துணைத் தலைவர்.

தவறுகளையும் தேடுங்கள். சான் பிரான்சிஸ்கோ பெடரல் ரிசர்வ் வங்கிக்குத் தலைமை தாங்கிய காலத்தில், கடன்களைப் பத்திரங்களாக மாற்றி விற்றதில் இருந்த ஆபத்தைத் தாம் உணரவில்லை என்று 2010-இல், 2008 நிதி நெருக்கடியை விசாரித்த ஆணையத்திடம் அவரே ஒப்புக்கொண்டார்.

தலைமைக் காலத்தை எழுதும்போது கவனம் தேவை. 2015 டிசம்பரில், 2006-க்குப் பின் முதன்முறையாக, வட்டி விகிதம் உயர்த்தப்பட்டது. அது குழு வாக்களித்து எடுத்த முடிவு என்பதால், "யெலன் உயர்த்தினார்" என்று எழுதுவது பாதி உண்மைதான். அகெர்லாஃபைப் பெடரல் ரிசர்வ் உணவகத்தில் சந்தித்த கதைக்கு ஒரு வரி போதும்.