கட்டைவிரல்தான் முதல் எதிரி: மெட்டல் டிடெக்டரோடு அலைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிடெக்டர் கத்திய இடத்தைத் தோண்டி, மண்ணிலிருந்து ஒரு வெள்ளிக் காசு வெளியே வந்ததும் கை தானாக ஒரு வேலை செய்யும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கும். யார் தலை, என்ன எழுத்து, எந்த வருடம் என்று பார்த்துவிடுகிற அவசரம். எனக்குக் கிடைத்த முதல் வெள்ளிக் காசுக்கும் அதே கதிதான். ஈர மண்ணோடு உள்ளங்கையில் கிடந்த அந்த மெல்லிய தகட்டை நாலைந்து முறை தேய்த்தேன். முகம் தெளிவாகத் தெரிந்தது, சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னத்தின் குறுக்கே வரிசையாகக் கீறல்கள். இத்தனை காலம் மண் செய்யாத வேலையை நான் அரை நிமிடத்தில் செய்து முடித்திருந்தேன்.

காரணம் எளிது. மண்ணில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். எண் கூடக் கூடக் கடினம் கூடும் மோஸ் அளவில் அது 7. வெள்ளியும் தங்கமும் 2.5-க்கும் 3-க்கும் நடுவில் நிற்பவை. விரலுக்கும் காசுக்கும் நடுவே மணல் இருந்தால் அது உப்புத்தாள்தான். ஒரு சின்ன பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய், காசின் மேல் ஊற்றி, மண் தானாகக் கழன்று ஓடுகிறவரை பொறுத்திருந்தால் போதும். ஓடாவிட்டால் அப்படியே பஞ்சில் வைத்து மூடி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பார்க்கிற ஆசை ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.

எந்தக் கருவி வாங்கலாம், காயிலை (தரைக்கு மேல் ஆட்டும் வட்டத் தலையை) எப்படி ஆட்டலாம் என்று சொல்லித்தர ஆட்கள் நிறைய உண்டு. பொருள் கைக்கு வந்த பிறகு நடக்கும் தவறுகளைப் பற்றித்தான் பேச்சு குறைவு. அவற்றில் பாதிக்கு மேல், கிடைத்ததில் எது மதிப்பு என்று தப்பாகக் கணக்குப் போடுவதில்தான் தொடங்குகின்றன.

எடைக்கு விலை போடுவது

புதிதாக வருகிறவர் மனதில் இருப்பது தங்கம். தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் வருகிறோம். ஆனால் பல வருடம் உழுத வயல்களில் நடந்த ஒருவரிடம், இதுவரை கிடைத்ததில் எது ரொம்பப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். டப்பாவைத் திறந்து அவர் எடுப்பது படைப்பிரிவின் எண் பொறித்த ஒரு பித்தளைப் பொத்தானாக இருக்கலாம். துணி மூட்டையில் அடித்திருந்த ஈய முத்திரையாக இருக்கலாம். இயந்திரம் வருவதற்கு முன் சுத்தியலால் அடித்து உருவாக்கிய, ஓரம் கோணலான ஒரு காசாக இருக்கலாம். எடைக்குப் போட்டால் பேட்டரி செலவுக்குக்கூடத் தேறாது. ஆனால் பொத்தானில் உள்ள எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தப் படைப்பிரிவு எந்தப் போரில் இருந்தது என்று தெரிந்துவிடும். அந்தத் துணி எந்த ஊர்ச் சரக்கு என்பதை ஈய முத்திரையே சொல்லிவிடுவதும் உண்டு.

இந்தக் கணக்கு தெரியாதவர், சாம்பல் நிற ஈயக் கட்டிகளையும் வடிவமில்லாத வெண்கலத் துண்டுகளையும் குப்பைப் பையில் போட்டுவிடுவார். நடுவில் துளையுள்ள, காசு அளவு ஈய உருண்டையைப் பார்த்து மீன்பிடித் தூண்டிலின் குண்டு என்று நினைத்துவிடுவது சகஜம். அது நூல் நூற்கும் தக்கிளியில் செருகியிருந்த குண்டாக இருக்கலாம். யாரோ ஒரு பெண் நாள்தோறும் சுழற்றிய பொருள். அன்றைய குப்பைப் பையை வீட்டில் நல்ல வெளிச்சத்தில் ஒருமுறை கொட்டிப் பார்க்காமல் வீச வேண்டாம். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவாமல் வாயருகே கொண்டுபோகவும் வேண்டாம்.

எண்ணைப் பார்த்து ஒதுக்குவது

கருவியின் திரையில் ஓர் எண் வரும். அதை உலோகத்தின் பெயராகவே படிக்கிறவர்கள் உண்டு. கருவிக்குப் பெயர் தெரியாது. மண்ணுக்குள் இருப்பது மின்சாரத்தை எவ்வளவு நன்றாகக் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, எப்படிப் படுத்திருக்கிறது என்பதையெல்லாம் கலந்து ஓர் ஊகத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். எண் வரிசையில் பெரிய வெள்ளிக் காசும் செம்பும் மேல் பக்கம் நிற்கும், இரும்பு அடியில் கிடக்கும். நடுவில்தான் சிக்கல். மெல்லிய தங்க மோதிரம், அலுமினியத் தாள், குளிர்பான டின்னின் வளையம் எல்லாம் ஏறத்தாழ ஒரே இடத்தில் கூட்டமாக நிற்கும். குப்பை தோண்டி அலுத்துப்போய் அந்த எண்களுக்குக் கருவி கத்தாதபடி அடைத்துவிட்டால், குப்பையோடு மோதிரமும் போகும். ஆணிகள் நிறைந்த இடத்தில் இன்னொரு தொல்லை: ஆணிக்குக் கருவி எழுப்பும் சத்தம், பக்கத்தில் கிடக்கும் காசுக்கான சத்தத்தை விழுங்கிவிடும். அங்கே சின்ன காயிலை மாட்டி மெதுவாக ஆட்டுவதுதான் வழி.

அந்த டின் வளையங்களைப் பற்றிய ஒரு கொசுறுச் செய்தி. முழுசாகப் பிய்த்து எறியும் வகை 1960களில் பரவியது. டின்னோடு ஒட்டியே இருக்கும் வகை 1970களின் நடுவில் வந்தது. ஓரிடத்தில் பிய்த்து எறிந்த வளையங்களாகவே கிடைத்தால் அங்கே எந்தக் காலத்தில் கூட்டம் கூடியது என்று ஊகிக்கலாம். திட்டிக்கொண்டே தோண்டினாலும் குப்பை ஏதோ ஒன்று சொல்லிவிட்டுத்தான் போகிறது.

பளபளக்க வைப்பது

விரலுக்குத் தப்பிய பொருள் வீட்டில் மாட்டிக்கொள்ளும். பற்பசை, வினிகர், எலுமிச்சைச் சாறு, கம்பித் தூரிகை. பழைய பொருள் என்றால் மினுங்க வேண்டும் என்று யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை.

தங்கத்துக்கு எதுவுமே தேவையில்லை. எத்தனை நூற்றாண்டு கிடந்தாலும் மஞ்சளாகவே வரும், தண்ணீரில் அலசினால் முடிந்தது வேலை. வெள்ளியைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மண்ணை மட்டும் நீக்கலாம். கருமையை அப்படியே விட்டுவிடுங்கள். செம்பும் வெண்கலமும்தான் மிகவும் பாவப்பட்டவை. பல நூறு வருடம் மண்ணில் கிடந்த காசில் உலோகத்தின் மேல் தோல் பச்சைக் களிம்பாக மாறியிருக்கும். பல சமயம் ராஜாவின் மூக்கும் எழுத்தும் அந்தப் பச்சைத் தோலில்தான் இருக்கின்றன. அமிலத்தில் போட்டால் களிம்பு கரையும், கூடவே ராஜாவும் கரைவார். மிஞ்சுவது ஆரஞ்சு நிறத்தில் குழிகுழியான ஒரு வட்டத் தகடு. நாணயம் சேர்ப்பவர்கள் அதை ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார்கள்.

வெளிர்பச்சை நிறத்தில் மாவு போல உதிர ஆரம்பித்தால் அது வேறு விஷயம். உள்ளே தங்கிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் தனியாக வைத்துவிட்டு, பழம்பொருள் பாதுகாப்பில் பயிற்சி உள்ளவரைக் கேட்பது நல்லது. இரும்பு இதைவிட மோசம். மண்ணுக்குள் உறுதியாக இருந்தது, வெளியே காய்ந்ததும் அடுக்கடுக்காக உரியும்.

குழியை மறப்பது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். காசைக் கீறினால் ஒரு காசு கெட்டது. எங்கே, எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை எழுதாவிட்டால் அது சொல்ல வந்த கதையே போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவர எந்த ரசாயனமும் இல்லை.

2010இல் இங்கிலாந்தின் ஃப்ரோம் பகுதியில் ஒரு டிடெக்டர்காரர் வயலில் தோண்டும்போது ஒரு பானையின் வாய் தெரிந்தது. உள்ளே ரோமானியக் காசுகள். அவர் தோண்டுவதை நிறுத்தினார், குழியை மூடினார், தொல்லியல் ஆட்களுக்குச் சொன்னார். அவர்கள் வந்து பானையை அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கின் காசையும் தனித்தனிப் பையில் போட்டு எடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள், எடை 160 கிலோ. அடுக்குகளைப் பிரித்ததால் ஒரு விஷயம் தெரிந்தது: பிந்தைய காலத்துக் காசுகளில் பெரும்பகுதி மேலே இல்லாமல், பானையில் பாதிக்கும் கீழே கிடந்தது. அதாவது வருடா வருடம் சேர்த்துப் போட்ட உண்டியல் இல்லை, எல்லாம் ஒரே சமயத்தில் கொட்டியது. திரும்ப எடுக்கிற எண்ணமே இல்லாமல் காணிக்கையாகப் புதைத்திருக்கலாம் என்ற கருத்து அதிலிருந்துதான் எழுந்தது. அவர் அன்று ஆர்வத்தில் வாளியில் அள்ளியிருந்தால் 52,503 காசுகள் அப்படியே இருந்திருக்கும், இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இருந்திருக்காது.

எதிர்க் கதை ஜெர்மனியில் நடந்தது. நெப்ராவுக்கு அருகே ஒரு குன்றில் 1999இல் இருவர் அனுமதியில்லாமல் டிடெக்டர் வைத்துத் தோண்டினார்கள். சுமார் 30 சென்டிமீட்டர் அகலமுள்ள வெண்கலத் தட்டு, அதில் தங்கத்தால் பதித்த சூரியன் (அல்லது முழுநிலவு), பிறை, நட்சத்திரங்கள். வானத்தைக் காட்டும் மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று அது. அவர்கள் கைக்கருவி பட்டு விளிம்பு சேதமானது, தங்கத் தகடு கிழிந்தது. கூடக் கிடைத்த வாள், கோடரிகளோடு அதை உடனே விற்றும்விட்டார்கள். 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸ் வலை விரித்துத் தட்டை மீட்டது. தோண்டிய இடத்தை அவர்கள் பிறகு காட்டாமல் போயிருந்தால், அது எங்கே புதைந்திருந்தது என்பதை இன்றுவரை வாதாடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

செய்ய வேண்டியது அதிகமில்லை. பொருளை எடுப்பதற்கு முன் குழியோடு ஒரு போட்டோ, போனில் ஜிபிஎஸ் குறிப்பு, ஆழம், பக்கத்தில் ஓடு கரி ஏதாவது தெரிந்ததா என்று ஒரு வரி. ஒவ்வொன்றையும் எண் போட்ட தனிப் பையில் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே சட்டைப் பையில் போட்டால் ஒன்றோடொன்று உரசிக் கெடும், அப்புறம் எது எங்கே கிடைத்தது என்று சாமிக்குக்கூடத் தெரியாது. ஒரே இடத்தில் இரண்டு மூன்று காசு வரிசையாக வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

மறைத்து வைப்பது

நில உரிமையாளரிடம் வாய்விட்டு அனுமதி கேட்காமல், சட்டம் என்ன சொல்கிறது என்று தெரியாமல் இறங்குவதைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. நாட்டுக்கு நாடு விதி மாறும். சில இடங்களில் உரிமம் இல்லாமல் கருவியைத் தொடவே கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையல் என்ற வரையறைக்குள் வரக்கூடியதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் பறிபோய்விடும் என்ற பயம்தான் பலரை ஊமையாக்குகிறது. அங்கே அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் மதிப்புப் போட்டுக் கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் வெகுமதி தருகிறார்கள்.

2015இல் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங் காலப் புதையல் ஒன்றைக் கண்டு வாயைத் திறக்கவில்லை. சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கணித்தார்கள், மீட்க முடிந்தது முப்பது சொச்சம்தான். போனில் அழித்த படங்களைப் போலீஸ் மீட்டெடுத்ததுதான் அவர்களுக்கு வினையாயிற்று. 2019இல் இருவரும் சிறைக்குப் போனார்கள். இங்கிலாந்தின் பழைய அரசுகளான வெசெக்ஸின் அரசர் ஆல்ஃபிரெடும் மெர்சியாவின் அரசர் கியோல்வுல்ஃபும் கூட்டாக இருந்த காலத்தைக் காட்டும் காசுகள் அதில் இருந்தன. சிதறிப்போன மற்றவை எதைக் காட்டியிருக்கும் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

பழசு மட்டும்தான் மதிப்பு என்று நினைப்பதும் ஒரு தவறு. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் கண் பனிக்கச் சொல்லும் கதைகளில் தொலைந்த கல்யாண மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்த கதை கட்டாயம் இருக்கும். மோதிரம் கிடைத்தால் உள்பக்கத்தைப் பாருங்கள், பெயரெழுத்தோ தேதியோ பொறித்திருக்கலாம். கண்டெடுத்ததை அறிவிக்கும்போது அந்தப் பொறிப்பை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் அதைச் சரியாகச் சொல்லட்டும், பிறகு கொடுக்கலாம். இல்லையென்றால் ஒரு மோதிரத்துக்கு நாலு சொந்தக்காரர்கள் வருவார்கள்.

தொலைந்ததைத் தேடப் போனவருக்குத்தான் மிகப் பெரிய புதையல்களில் ஒன்று கிடைத்தது என்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1992 நவம்பரில், இங்கிலாந்தின் ஹாக்ஸன் கிராமத்தில் ஒரு விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதைத் தேடித் தரச் சொல்லி டிடெக்டர் வைத்திருந்த நண்பரைக் கூப்பிட்டார். கருவி கத்திய இடத்தில் வெள்ளிக் கரண்டிகள், தங்க நகைகள், காசுகள். கொஞ்சம் எடுத்த பிறகு அவர் நிறுத்திக்கொண்டு தகவல் சொன்னார். மறுநாள் தொல்லியல் குழு வந்து, மீதியை இருந்த நிலையிலேயே தோண்டி எடுத்தது. மொத்தம் சுமார் 15,000 ரோமானியக் காசுகள், கூடவே ஏறத்தாழ 200 வெள்ளி, தங்கப் பொருட்கள். 17.5 லட்சம் பவுண்ட் என்று மதிப்பிட்டார்கள். கண்டெடுத்தவர் தன் வெகுமதியை விவசாயியோடு பகிர்ந்துகொண்டார். தேடிப் போன சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் சேகரிப்பில்தான் இருக்கிறது.