விமானத்தில் வீணை: இளகிய மெட்டுகளைச் சரிசெய்த கதை

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வீணையைக் கொண்டுபோனபோது, மரம் உடையும் என்றுதான் எல்லாரும் பயமுறுத்தினார்கள். தொல்லை கொடுத்ததோ மெழுகு. வீணையின் 24 மெட்டுகளும் (தந்தியை அழுத்தி ஸ்வரம் எடுக்கும் உலோகக் கட்டைகள்) கரித்தூள் கலந்த தேன்மெழுகில் பதிந்திருப்பவை. பெட்டி வெயிலில் கிடந்தால் அது இளகிவிடும். இறங்கிப் பார்த்தால் மேல் ஸ்தாயியில் இரண்டு மெட்டுகள் சாய்ந்திருந்தன. காந்தார ஸ்வரத்தைத் தொட்டாலே கரகரப்பு.

பக்கத்து மெட்டுகளைத் துணியால் மூடிவிட்டு, ஹேர் டிரையரைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். மெழுகு பளபளக்கத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும். செயலியில் தம்புராவை ஓடவிட்டு, தந்தியை மீட்டிக்கொண்டே மெட்டை இம்மி இம்மியாக நகர்த்தினேன். சுருதி சேர்ந்ததும் இறுகும்வரை கையே வைக்கவில்லை. மேளம், அதாவது மெட்டுகளின் மொத்த அமைப்பு, முழுக்கக் குலைந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன்; அது தஞ்சாவூர் ஆசாரி வேலை.

திரும்பும்போது தந்திகளைத் தளர்த்த மட்டும் செய்தேன். முழுக்கக் கழற்றினால் தந்திகளைத் தாங்கும் குதிரை நகர்ந்துவிடும். தந்திக்கும் மெட்டுக்கும் நடுவே பழைய வேட்டியை மடித்துச் செருகினேன். வீணையின் கழுத்துப் பக்கம் அடியில் இருக்கும் சுரைக்குடுக்கையைத் திருகிக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன் (சோதனையில் இது என்ன என்று கேட்பார்கள், கைபேசியில் வீணைப் படத்தைக் காட்டினால் சரி). அப்புறம், டிக்கெட்டையும் இரவு விமானமாகப் பார்த்து எடுத்தேன். பெட்டி வெயிலில் காயாது.