முதல் வெடிக்குப் பிறகு: காயம்பட்ட விலங்கை வதைக்கும் தவறுகள்

ஜெர்மனியில் சாவர்லாண்ட் மலைக்காட்டில் ஒரு நவம்பர் மாலை. பரணில் என் பக்கத்தில் எனக்கு வேட்டை பழக்கிய பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் சுட்டதும் ரே மான் நின்ற இடத்திலேயே சரிந்தது. ரே என்பது வெள்ளாட்டு அளவுள்ள சிறு மான். முடிந்தது என்று ரைஃபிளைத் தாழ்த்தினேன். அவர் என் தோளை அழுத்தி, "அடுத்த தோட்டாவை ஏற்று, கண்ணை எடுக்காதே" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மான் தலையைத் தூக்கியது, முன்னங்கால்களை ஊன்றப் பார்த்தது. இரண்டாவது குண்டுதான் அதை முடித்தது.

வெடி பட்டதும் பொத்தென்று விழுந்தால் நல்ல வெடி என்று நம்புவதுதான் முதல் தவறு. குண்டு முதுகெலும்பின் மேல்முள்ளைத் தட்டிவிட்டுப் போனால், அந்த அதிர்ச்சியில் தண்டுவடம் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். விலங்கு கட்டை போல விழும். பிறகு எழுந்து ஓடிவிடும். இங்கே வேட்டைக்காரர்கள் இதற்கு க்ரெல்ஷுஸ் என்றே தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்கு நேர்மாறாக, இதயத்தில் குண்டு வாங்கிய மான் துள்ளி ஐம்பது, அறுபது மீட்டர் ஓடி விழும். அதனால் சுட்ட கையோடு தோட்டாவை ஏற்றுங்கள், சில நிமிடம் குறியை விலக்காமல் பாருங்கள். தலை அசைந்தால் யோசிக்காமல் மறுபடி சுடுங்கள். இறைச்சி கெடுமே என்ற கணக்கு அந்த நேரத்தில் வரவே கூடாது.

விலங்கு ஓடிவிட்டால் அடுத்த தவறு காத்திருக்கிறது: பின்னாலேயே ஓடுவது. ஜெர்மன் வேட்டைச் சட்டத்தின் 22அ பிரிவு, காயம்பட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய வலியிலிருந்து காக்க 'உன்ஃபெர்ட்ஸ்யூக்லிஷ்' கொல்ல வேண்டும் என்கிறது. பலர் இதை 'அந்த நொடியே' என்று புரிந்துகொள்கிறார்கள். நம் குற்றத்தால் தாமதம் வரக்கூடாது என்பதுதான் அந்தச் சொல்லுக்குச் சட்டத்தில் உள்ள பொருள். சில காயங்களில் காத்திருப்பதுதான் விரைவான வழி. குடலில் குண்டு பட்ட மான் பெரும்பாலும் கொஞ்ச தூரத்திலேயே புதருக்குள் போய்ப் படுத்துவிடும். விட்டுவிட்டால் அங்கேயே கிடக்கும். நீங்கள் டார்ச்சோடு நுழைந்தால், வயிறு கிழிந்த நிலையிலும் எழுந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடும். அதன் வேதனையை நீட்டியவர் நீங்கள்தான்.

சரி, எங்கே பட்டது என்று எப்படித் தெரியும்? மான் நின்ற இடத்துக்குப் போய்ப் பாருங்கள். இளஞ்சிவப்பில் நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்துப் போனால் பக்கத்திலேயே கிடக்கும். அடர்ந்த கருஞ்சிவப்பு ஈரலைக் காட்டும். ரத்தம் குறைவாகவும் பச்சையும் பழுப்புமாக அரைத்த புல்லோடும் நாற்றத்தோடும் இருந்தால் வயிறு. மூன்று நான்கு மணி நேரம் விட வேண்டும். கெட்டியான எலும்புச் சில்லு கிடந்தால் கால் முறிந்திருக்கலாம், அந்த விலங்கை மனிதக் காலால் பிடிக்க முடியாது. மண்டியிட்டு, இலை இலையாகப் பாருங்கள். சுற்றிச் சுற்றி நடந்து மிதித்துவிடாதீர்கள். உங்கள் செருப்பின் அடியில் ஒட்டும் ரத்தம் போகும் இடமெல்லாம் பொய்த்தடம் ஆகிவிடும். ஒரு குச்சியோ காகிதக் கைக்குட்டையோ நட்டு அடையாளம் வைத்துவிட்டு விலகுங்கள்.

அப்புறம் நாய். ஹன்னோவர், பவேரிய மலை மோப்பநாய்கள் காயம்பட்ட விலங்கின் தடத்தைத் தேடும் இந்த ஒரே வேலைக்காக வளர்க்கப்பட்டவை. மறுநாள் காலையில் அழைத்துப் போனாலும் பழைய தடத்தைப் பிடித்துவிடும். அவை ரத்தத்தை மட்டும் மோப்பம் பிடிப்பதில்லை, குளம்பு கிளறிய மண்ணின் வாசனையையும் பிடிக்கும். நாய்க்காரரைக் கூப்பிட வெட்கப்பட்டு, நாமே தேடிவிடலாம் என்று தடத்தைக் குலைத்த பிறகு அழைப்பவர்கள் நிறைய. எனக்கு இதைவிடக் கோபம் வருகிற தவறு வேறில்லை. தன் குறி தப்பியது வெளியே தெரியக் கூடாது என்ற கௌரவத்துக்கு மான் இரவெல்லாம் விலை கொடுக்கிறது. விலங்கு பக்கத்து வேட்டை எல்லைக்குள் போய்விட்டால், அந்த எல்லையின் வேட்டைக்காரரோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் பொதுவாகப் பின்தொடரவும் முடியாது. அந்த ஒப்பந்தத்தைப் பருவம் தொடங்குமுன்பே போட்டு வைக்க வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டீர்கள், உயிர் இருக்கிறது. இனிமேல் தயங்குவதுதான் தவறு. பின்பக்கமாக, அது உங்களைப் பார்க்காதபடி நெருங்குங்கள். மனித முகம் அதற்குப் பெரிய பயம். கூட வந்தவர்கள் எல்லோரும் உங்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முடிப்பு வெடியை ஃபாங்க்ஷுஸ் என்பார்கள். சில மீட்டர் தூரத்திலிருந்து, பக்கவாட்டில், முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சில் கொடுப்பது நம்பகமானது. குண்டு போய்ப் புதைய மிருதுவான மண் வேண்டும். உறைந்த தரையும் பாறையும் குண்டைத் திருப்பி அனுப்பும்.

இங்கே அனுபவசாலிகளும் சறுக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. ரைஃபிளில் பொருத்திய தொலைநோக்கியான குறிநோக்கி குழலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், மூன்று மீட்டரில் குண்டு குறிக்கு ஏறக்குறைய அவ்வளவு கீழே படும். நூறு மீட்டருக்குச் சரிசெய்து வைத்த குறி இங்கே செல்லாது. பெரிதாக்கலைக் குறைக்க மறந்தால் கண்ணாடியில் மயிர் மட்டும்தான் தெரியும், உடம்பின் எந்த இடம் என்றே புரியாது.

கைத்துப்பாக்கி என்றால் சட்டப்படி குழல்முனையில் குறைந்தது 200 ஜூல் ஆற்றல் வேண்டும். சாதாரண .22 பிஸ்டல் அதற்கு எட்டாது. கத்தியால் முடிப்பது, நாய்கள் காட்டுப்பன்றியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, சுட்டால் நாய்க்குப் படும் என்ற நிலையில் மட்டும், கை பழகியவருக்கு. நினைவோடு கிடக்கும் விலங்கின் கழுத்தை அறுப்பது அதன் வலியைத்தான் கூட்டும்.

அசையவில்லை என்பதால் இறந்துவிட்டது என்று தொடாதீர்கள். கால் எட்டாத தூரத்தில், முதுகுப் பக்கம் நின்று, நீண்ட குச்சியால் கண்ணைத் தொடுங்கள். இமை துடித்தால் உயிர் இருக்கிறது. இறந்த மானின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். மூடிய கண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

வேட்டைக்கே போகாத தமிழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். இது அங்கே செய்து பார்க்கிற விஷயம் இல்லை. ஆனால் ஜெர்மனியில் இரவில் கார் ஓட்டும் நம் ஆட்களின் முன்னால் மான் பாயத்தான் செய்கிறது. அடிபட்ட மான் சாலையோரம் துடிக்கும்போது, பாவம் என்று போய்த் தலையைத் தடவிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசுதான். ஆனால் காட்டு விலங்குக்கு அந்தக் கை வேட்டை மிருகத்தின் கை. தள்ளி நில்லுங்கள், எச்சரிக்கை விளக்கைப் போடுங்கள், முக்கோணத்தை வையுங்கள், 110க்கு அழையுங்கள். காவல்துறை அந்தப் பகுதி வேட்டைக்காரருக்குச் சொல்லும், அவர் வந்து முடிப்பார். இறைச்சிக்காகக் காரில் ஏற்றிக்கொண்டு போனால் அது திருட்டு வேட்டை, வழக்கு வரும். அவர் வரும்வரை நாயையும் குழந்தைகளையும் காருக்குள்ளேயே வையுங்கள். சத்தமும் வெளிச்சமும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அமைதியாக அது கிடக்கும்.