சைக்கிட்-லேர்ன் குழுவில் பொறுப்புக்கு வருவது எப்படி?

இயந்திரக் கற்றல் படிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கைவைப்பது சைக்கிட்-லேர்ன் (scikit-learn) என்ற இலவச பைத்தான் மென்பொருள் தொகுப்பு. 2007-இல், மாணவர்களுக்கான கூகுள் சம்மர் ஆஃப் கோட் நிகழ்ச்சியில் ஒரு திட்டமாகத் தொடங்கியது. 2010-இல் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் முதல் பொது வெளியீட்டைக் கொண்டுவந்தார்கள். அதை வழிநடத்தும் இடத்துக்கு நீங்களும் வரலாம். வழி இதுதான்.

படி 1: நிர்வாக விதிகளைப் படியுங்கள்

மையக் குழுவில் சேர விண்ணப்பப் படிவம் கிடையாது. ஏற்கெனவே உள்ள ஒருவர் உங்கள் பெயரை முன்மொழிய வேண்டும். வாக்கெடுப்பு குறைந்தது ஒரு வாரம் திறந்திருக்கும். பதிவான வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு போதும். கோட் எழுதினால்தான் ஆச்சு என்றில்லை, ஆவணங்களுக்கும் இஷ்யூக்களை (பயனர்கள் பதியும் பிழை, கோரிக்கைக் குறிப்புகளை) தரம்பிரிப்பதற்கும் தனிக் குழுக்கள் உண்டு.

இன்னொரு விதியையும் கவனியுங்கள்: கோட் மாற்றம் எதுவானாலும் மையக் குழுவினர் இருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். புல் ரிக்வெஸ்ட்டுகள் (கோடில் சேர்க்கச் சொல்லி அனுப்பப்படும் மாற்றங்கள்) தேங்குவது இங்கேதான். இந்தச் சுமையைக் குறைப்பவரைத்தான் குழு தேடுகிறது.

படி 2: ஒரு மூலையைப் பிடியுங்கள்

மெட்ரிக்ஸ் (மாடலின் தரத்தை அளப்பது), ப்ரீப்ராசஸிங் (டேட்டாவை முன்கூட்டித் தயார்செய்வது) என்று ஏதாவது ஒரு பகுதி போதும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டால் யார் மனதிலும் பதியமாட்டீர்கள்.

படி 3: இஷ்யூவைச் சுருக்கிக் கொடுங்கள்

"மாடல் தப்பான விடை தருகிறது" என்று மட்டும் ஒருவர் எழுதியிருப்பார். அவர் கணினியில் உள்ள பதிப்பு விவரங்களைக் காட்டும் ஷோ_வெர்ஷன்ஸ்() (show_versions) ஓட்டி, வருவதை ஒட்டச் சொல்லுங்கள். அவருடைய பெரிய டேட்டாவை விட்டுவிட்டு, செயற்கை டேட்டா தரும் மேக்_கிளாசிஃபிகேஷன் (make_classification) கொண்டு சிறிய டேட்டா உருவாக்கி, ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வர ரேண்டம்_ஸ்டேட்டை (random_state) நிலையாக வைத்து, அதே பிழை வருகிறதா பாருங்கள். இன்னும் வெளியாகாத புதிய கோட் இருக்கும் மெயின் கிளையிலும் ஓட்டிப் பாருங்கள். "வெளியான பதிப்பில் வருகிறது, மெயினில் வரவில்லை" என்ற ஒரு வரி, பராமரிப்பவரின் ஒரு மாலைப் பொழுதையே மிச்சப்படுத்தும்.

படி 4: பிறர் எழுதிய கோட் மாற்றங்களை ரிவ்யூ செய்யுங்கள்

யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. அந்த மாற்றம் உள்ள கிளையை உங்கள் கணினியில் இறக்கி, அதைச் சோதிக்க எழுதிய புதிய டெஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு திருத்தத்தை நீக்குங்கள். டெஸ்ட் அப்போதும் பாஸ் ஆனால், அது எதையும் சோதிக்கவில்லை. இதைக் கண்டுபிடித்து மரியாதையாகச் சொல்பவரின் பெயர் குழுவுக்கு மறக்காது. என்னைக் கேட்டால், பத்து புதிய வசதிகளை எழுதுவதைவிட இது பெரிய வேலை.

படி 5: வாய்விட்டுக் கேளுங்கள்

நம்மில் பலர் தயங்குவது இங்கேதான். உங்கள் பகுதியைப் பராமரிப்பவருக்கு இப்படி எழுதலாம்: "சில மாதங்களாக மெட்ரிக்ஸ் இஷ்யூக்களைப் பார்த்து வருகிறேன். தரம்பிரிக்கும் குழுவில் சேர விருப்பம். இன்னும் எதில் நான் தேற வேண்டும்?"

அவசரம் வேண்டாம். எண் கணக்கீட்டுக்கான இன்னொரு பைத்தான் தொகுப்பான நம்பை (NumPy) வழிகாட்டுக் குழுவுக்கே குறைந்தது ஓராண்டு தொடர்ந்த பங்களிப்பு வேண்டும்.

பொறுப்பு வந்தபின் வேலையோ குடும்பமோ இழுத்தால் என்ன செய்வது என்ற பயமும் வேண்டாம். சைக்கிட்-லேர்னில் 12 மாதம் பங்களிக்காதவரிடம், ஓய்வுநிலைக்கு மாற விருப்பமா என்று கேட்பார்கள். மாறினாலும், மறுபடி வேலையில் இறங்கும்போது வாக்குரிமை திரும்பக் கிடைக்கும்.