ஏடி9850 சிக்னல் ஜெனரேட்டர்: ஃபர்ம்வேரைத் திருத்துவதும் பிழை பிடிப்பதும்

ஏடி9850 மாட்யூல் (அனுப்பும் எண்ணுக்கேற்ற அதிர்வெண்ணில் அலை தரும் சிப் உள்ள பலகை), ஆர்டுயினோ நானோ, 16×2 எல்சிடி, ஒரு என்கோடர் (திருப்பி மதிப்பை மாற்றும் குமிழ்). 40 மெகாஹெர்ட்ஸ் வரை சைன் அலை எடுக்க இவை போதும். இதற்கென்று கிடைக்கும் ஃபர்ம்வேர்கள் (நானோவில் ஏற்றும் நிரல்கள்) பலவற்றில் ஒரே கணக்குப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது. அதிர்வெண் சரியாக வரவில்லை என்றால் மாட்யூலைக் குறை சொல்வதற்கும் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கும் முன்னால் அந்தக் கணக்கைப் பாருங்கள்.

சிப் 125 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடுகிறது. நாம் அனுப்பும் 32 பிட் எண்தான் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. வேண்டிய ஹெர்ட்ஸை 4294967296-ஆல் பெருக்கி 125000000-ஆல் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். எண்ணில் ஒன்று கூடினால் அதிர்வெண் 0.0291 ஹெர்ட்ஸ் கூடும்.

சிக்கல் இதுதான். நானோவில் ‘டபுள்’ என்று அறிவித்தாலும் கிடைப்பது 32 பிட் ஃப்ளோட் (பின்ன எண்களை வைக்கும் மாறி வகை). அதன் துல்லியம் 24 பிட் மட்டுமே. 10 மெகாஹெர்ட்ஸுக்கு வர வேண்டிய எண் 343597384. ஃப்ளோட்டில் கணக்கிட்டால் 343597376 வருகிறது, ஏனென்றால் அந்த அளவில் ஃப்ளோட் 32, 32 ஆகத்தான் தாவும். ஒரு தாவல் கிட்டத்தட்ட 0.93 ஹெர்ட்ஸ். ஆடியோ வேலைக்கு இது பொருட்டே இல்லை. ஆனால் டபிள்யூஎஸ்பிஆர் (மிகக் குறைந்த சக்தியில் அனுப்பும் அமெச்சூர் ரேடியோ முறை) போன்ற முறையில் அடுத்தடுத்த டோன்களுக்கு இடைவெளியே 1.46 ஹெர்ட்ஸ்தான், அங்கே இந்தப் பிழை வேலையைக் கெடுத்துவிடும்.

திருத்தும் விதம்: அதிர்வெண்ணை ஹெர்ட்ஸின் நூறில் ஒரு பங்காக, குறியில்லாத 32 பிட் முழு எண்ணில் வையுங்கள். 7123456.78 ஹெர்ட்ஸ் என்றால் 712345678. அதை முதலில் 64 பிட்டாக மாற்றி, பிறகு 32 இடம் இடப்பக்கம் நகர்த்துங்கள். இந்த வரிசை மாறினால் மேல் பிட்கள் காணாமல் போகும். அதோடு வகுஎண்ணின் பாதியைக் கூட்டி, 12500000000-ஆல் வகுங்கள். பாதியைக் கூட்டுவது பின்னத்தைச் சரியான பக்கம் முழுமையாக்க. 40 மெகாஹெர்ட்ஸ் வரை இது 64 பிட்டுக்குள் அடங்கும், 42.9-ஐத் தாண்டினால் 32 பிட் மாறி நிரம்பி வழியும், ஆகவே மெனுவிலேயே 40-இல் வரம்பு போடுங்கள்.

எழுதி முடித்ததும் சிப்புக்கு அனுப்பும் முன் எண்ணை சீரியல் மானிட்டரில் அச்சிடுங்கள். 1 கிலோஹெர்ட்ஸுக்கு 34360, 1 மெகாஹெர்ட்ஸுக்கு 34359738, 10 மெகாஹெர்ட்ஸுக்கு 343597384. மூன்றும் அப்படியே வந்தால் கணக்கு சரி. இனி கோளாறு இருந்தால் வயரிங்கிலோ, பிட்களை அனுப்பும் விதத்திலோதான்.

அடுத்தது காலிபரேஷன், அதாவது உண்மையான கடிகார வேகத்தை அளந்து கணக்கில் சேர்ப்பது. மாட்யூலில் உள்ள ஆஸிலேட்டர் சரியாக 125 மெகாஹெர்ட்ஸில் இருக்காது. கால் மணி நேரமாவது சூடாக விட்டு, 10 மெகாஹெர்ட்ஸ் வைத்து நம்பகமான அதிர்வெண் கவுன்ட்டரில் பாருங்கள். 10000230 என்று காட்டினால் உண்மையான கடிகாரம் 125002875. இதையும் முழு எண்ணாகவே ஈஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) சேமியுங்கள். ஃப்ளோட்டில் வைத்தால் 8-இன் மடங்காகத்தான் பதியும், பட்ட பாடு வீண். வகுக்கும்போது இந்த எண்ணை 100-ஆல் பெருக்கிப் பயன்படுத்துங்கள்.

ஏற்றும் முன் பழைய ஃபர்ம்வேரை ஐஎஸ்பி புரோகிராமர் (சிப்பை நேரடியாகப் படித்து எழுதும் கருவி) வழியாக ஹெக்ஸ் கோப்பாக எடுத்து வையுங்கள், ஈஈப்ராமையும் சேர்த்து. கிட்டாக வாங்கியதில் லாக் பிட் (படிப்பதைத் தடுக்கும் பூட்டு) போட்டிருந்தால் படிக்க முடியாது. அந்தச் சிப்பை அழிக்காமல் ஓரமாக வைத்துவிட்டு வேறு நானோவில் வேலை செய்வதே நல்லது. அப்லோடு செய்யும்போது ‘சிங்க் ஆகவில்லை’ என்ற பிழை வந்தால் ஆர்டுயினோ மென்பொருளின் ப்ராசஸர் பட்டியலில் ‘ஓல்டு பூட்லோடர்’ தேர்ந்தெடுங்கள் (பூட்லோடர் என்பது நிரலை வாங்கிச் சிப்பில் எழுதும் சிறு நிரல்). பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200-இல்.

வெளியீடே இல்லை என்றால் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். சீரியல் முறையில் மாட்யூலின் டி0, டி1 இரண்டும் 5 வோல்ட்டிலும் டி2 கிரவுண்டிலும் இருக்க வேண்டும். டேட்டா வயர் டி7-இல் சேர வேண்டும். அவை சரி என்றால் ரீசெட்டுக்குப் பிறகு வேர்ட்-கிளாக்கில் ஒரு பல்ஸ், அதன்பின் அப்டேட் பின்னில் ஒரு பல்ஸ் போகிறதா பாருங்கள். இந்த இரண்டும் இல்லாமல் சிப் சீரியல் முறைக்கு மாறாது. பிறகு 40 பிட்: அதிர்வெண்ணின் 32 பிட்கள் மதிப்பில் மிகச் சிறிய பிட்டிலிருந்து தொடங்கிப் போக வேண்டும், அடுத்து இரண்டு கன்ட்ரோல் பிட், ஒரு பவர்-டவுன் பிட், ஐந்து ஃபேஸ் பிட். ஏடி9850-இல் கடைசி எட்டு பிட்டும் பூஜ்யமாக இருக்கட்டும். வரிசையைத் தலைகீழாக அனுப்பினால் அலை வரும், ஆனால் கேட்டதற்குச் சம்பந்தமில்லாத அதிர்வெண்ணில்.

1 மெகாஹெர்ட்ஸ் கேட்டு 240 கிலோஹெர்ட்ஸ் வருகிறதா? உங்களிடம் இருப்பது 30 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் வைத்த ஏடி9851. அதில் கன்ட்ரோல் பிட்களில் முதலாவதை 1 ஆக்கினால் ஆறு மடங்கு பெருக்கி இயங்கி, கடிகாரம் 180 மெகாஹெர்ட்ஸ் ஆகும். 1.44 மெகாஹெர்ட்ஸ் வந்தால் பெருக்கி ஓடுகிறது, ஃபர்ம்வேரில் 125-ஐ 180 ஆக்க மறந்திருக்கிறீர்கள்.

சைன் வந்து சதுர அலை மட்டும் வராவிட்டால் மாட்யூலில் இருக்கும் சிறு பொட்டென்ஷியோமீட்டரைத் திருப்புங்கள். சைனைச் சதுர அலையாக்கும் கம்பேரட்டரின் ஒப்பீட்டு வோல்ட்டேஜை அதுதான் மாற்றுகிறது. ஒரு ஓரத்துக்குப் போனால் வெளியீடு அப்படியே நின்றுவிடும். ஆஸிலோஸ்கோப்பில் அலையின் மேல் நேரமும் கீழ் நேரமும் பாதிக்குப் பாதி வரும் இடத்தில் நிறுத்துங்கள். சைன் வெளியீட்டில் டிசி கலந்திருக்கும், எனவே வரிசையில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் போடுங்கள். கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் 10 மைக்ரோ வேண்டும்.

எல்சிடி வெறும் கட்டங்களாக நின்றால் ஐ2சி முகவரியை மாற்றிப் பாருங்கள். எல்சிடியின் பின்பலகையில் உள்ள சிப் பிசிஎஃப்8574 என்றால் பெரும்பாலும் பதின்ம எண்ணில் 39, பிசிஎஃப்8574ஏ என்றால் 63. என்கோடரைத் திருப்பும்போது மதிப்பு தாவினால் அதன் இரு சிக்னல் முனைகளிலிருந்தும் கிரவுண்டுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 5 வோல்ட்டுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் போடுங்கள். ஒவ்வொரு திருப்புக்கும் ஈஈப்ராமில் எழுதாதீர்கள். ஒரு இடத்துக்கு 1,00,000 முறைதான் உத்தரவாதம். என்கோடர் ஐந்து விநாடி அசையாமல் இருந்த பிறகு, மதிப்பு மாறியிருந்தால் மட்டும் எழுதச் செய்யுங்கள்.