விளக்கு வெளிச்சத்தில் ஒட்டுக்கடையை வரைவது எப்படி?

மலேசியாவில், சுங்கை சிப்பூட் பக்கம் பகலில் வெளியே உட்கார்ந்து வரைய வெயில் விடாது. எனக்குப் பிடித்த நேரம் பொழுது சாய்ந்த பிறகுதான். முதல் முறை வரைபவர்கள் தோட்டத்து முனையில் இருக்கும் ஒட்டுக்கடையை, அதாவது சாலையோரச் சின்னத் தேநீர்க் கடையை, தேர்ந்தெடுங்கள். ஒரே விளக்கு, சுற்றிலும் இருட்டு. பழக இதைவிட நல்ல இடம் இல்லை. கடை அண்ணனிடம் சொல்லிவிட்டு, ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக்கொண்டு உட்காருங்கள்.

சாம்பல் நிறத் தாள், 6பி பென்சில் (மென்மையானது, நன்றாகக் கறுக்கும்), வெள்ளைப் பென்சில், புத்தகத்தில் மாட்டும் சின்ன விளக்கு போதும். கொசு மருந்து பூசினால் விரல்களைத் துடைத்துவிடுங்கள், தாளில் கறை பிடிக்கும்.

1. மாலை 6.45க்கே போய்விடுங்கள். இங்கே சூரியன் ஏழு மணிக்கும் ஏழரைக்கும் நடுவில் மறையும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி நீளாது, மளமளவென்று இருட்டிவிடும். அதற்குள் கூரை, மேசை, மரம் எல்லாவற்றின் எல்லைகளையும் மெல்லிய கோட்டில் போட்டுவிடுங்கள்.

2. புத்தகத்தில் மாட்டிய விளக்கைத் தாளை மட்டும் பார்க்கும்படி தாழ்த்துங்கள். கைப்பேசி டார்ச் வேண்டாம். கண் இருட்டுக்கு நன்றாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கூசும் வெளிச்சம் ஒருமுறை பட்டால் மறுபடி காத்திருக்க வேண்டும்.

3. இதுதான் முக்கியம். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கடைக்குப் பின்னால் இருக்கும் செம்பனை (எண்ணெய்ப் பனை) மரங்கள், ஓலை ஓலையாகத் தெரியாது. ஒரே கறுப்புத் திட்டாகத்தான் நிற்கும். அப்படியே வரையுங்கள். ஆரம்பத்தில் நான் ஒவ்வொரு ஓலையையும் வரைந்தேன், படத்தில் இரவே வரவில்லை. வானம் மரத்தைவிடக் கொஞ்சம் வெளுப்பாக இருக்கும், அதற்குத் தாளின் சாம்பல் நிறமே போதும். கறுப்பு முழுவதையும் போட்ட பிறகுதான் வெள்ளைப் பென்சிலை எடுக்க வேண்டும். பல்பு, தகரக் கூரையின் அடிப்பக்கம், தே ஆற்றும் அண்ணனின் தோள்: வெளிச்சம் விழும் இடம் அவ்வளவுதான். அளந்து வையுங்கள். எல்லா இடத்திலும் வெள்ளை வைத்தால் விளக்கு எரியாது.

4. மங்கலில் சிவப்புதான் முதலில் கறுத்துத் தெரியும், நீலமும் பச்சையும் கொஞ்ச நேரம் நிற்கும். அதனால் வண்ணம் தீட்டாதீர்கள், ‘நாற்காலி சிவப்பு’ என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். புகைப்படத்தை நம்ப வேண்டாம். கைப்பேசி இருட்டையெல்லாம் வெளுக்க வைத்துவிடும்.

வரைந்த நேரத்தையும் குறித்துவையுங்கள். அடுத்த முறை அதே நேரத்துக்குப் போய் உட்கார்ந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.