மலைநாட்டு ரோட்டுல பைக் ஓட்டுறவங்களுக்கு: முட்டிய காப்பாத்துற லோங்ஸ் பாத்து வாங்குறது எப்படி

ஹெல்மட் போடாம இப்ப யாரும் டவுனுக்கு எறங்குறதில்ல, ஆனா இடுப்புக்கு கீழ பாத்தா சாதா டெனிம், இல்லன்னா ட்ரக் பொட்டம், காலுல பாட்டா செருப்பு. நானும் அப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்தேன், ரம்பொடைக்கு கீழ ஒரு வளைவுல மழ ஈரத்துல முன் வீல் வழுக்குற வரைக்கும். ஸ்பீட் 30 கூட இருக்காது. எடது முட்டி நேரா தார்ல அடிச்சுச்சு, டெனிம் கிழிஞ்சு தோலு போய் துணி நூலெல்லாம் காயத்துக்குள்ள ஒட்டிக்கிச்சு, அத ஒன்னொன்னா புடுங்கி எடுத்தப்ப பட்ட வலி விழுந்தப்ப கூட படல. லயத்துலருந்து மெயின் ரோட்டுக்கு படி ஏறவே ஒன்றரை மாசம் ஆச்சு. அதுக்கப்புறம் தேடித்தேடி படிச்சு, போட்டுப் பாத்து கத்துக்கிட்டத தான் இங்க எழுதுறேன், புதுசா பைக் எடுக்குற தம்பி தங்கச்சிமாருக்கு.

முதல்ல: நீங்க ஓடுற ரோட்ட யோசிங்க

ஒன்லைன்ல வர்ற வீடியோ எல்லாம் ஹைவேயில 120ல பறக்குறவங்களுக்கு செஞ்சது. நம்ம ரோட்டுல, ஹட்டன் பக்கம்னாலும் சரி ஹப்புத்தளை பக்கம்னாலும் சரி, வளைவுக்கு மேல வளைவு, 40 50 தான் ஓடலாம். ஆனா வழுக்குறதுக்கு காரணம் நெறைய: பனிமூட்டம், தோட்டத்து ரோட்டுலருந்து லொறி டயர்ல ஒட்டி வந்த சேறு, வளைவுல கெடக்குற மணல், நனைஞ்ச யூக்கலிப்டஸ் இலை. மே மாசத்துலருந்து செப்டம்பர் வரைக்கும் ஹட்டன், நுவரெலியா பக்கம் மழ, டிசம்பர் பிப்ரவரியில பதுளை பக்கம் மழ, அதனால வருஷம் பூரா எங்கயாவது ரோடு ஈரம்தான். விழுந்தா நீட்டா வழுக்கிட்டு போக எடமும் இல்ல, ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் கொங்கிரீட் கான், கல்லு. அதனால நமக்கு துணி உரசுறத தாங்குறது முக்கியம்தான், ஆனா அதுக்கு முன்னாடி முட்டியிலயும் இடுப்புலயும் விழுற அடிய வாங்குற பேட் முக்கியம். கடையில கலர் பாக்குறதுக்கு முன்னாடி இத மனசுல வச்சுக்கங்க.

ரெண்டாவது: உள்ள தச்சிருக்க லேபிள படிங்க

பைக் உடுப்புக்கு ஐரோப்பாவுல ஈஎன் 17092னு ஒரு ஸ்டான்டர்ட் இருக்கு. அதுல ட்ரிபிள் ஏ, டபுள் ஏ, சிங்கிள் ஏ, பி, சின்னு தரம் போடுவாங்க. முட்டி, இடுப்பு மாதிரி அதிகமா அடிபடுற எடத்து துணிய சுத்துற மெஷின்ல உரசி பாக்குறப்ப ட்ரிபிள் ஏ-க்கு 120 கிலோமீட்டர், டபுள் ஏ-க்கு 70, சிங்கிள் ஏ-க்கு 45னு வேகம் வச்சு சோதிக்குறாங்க. பி தரம் துணி சிங்கிள் ஏ மாதிரிதான், ஆனா பேட் இல்லாம வரும். சி-ங்குறது பேட்ட புடிச்சு வைக்குற வலை மாதிரி உடுப்பு, அத தனியா போட்டு ஓடக்கூடாது.

என்னய கேட்டா நம்ம ரோட்டுக்கு டபுள் ஏ போதும், அதுல முட்டி பேட்டும் இடுப்பு பேட்டும் கட்டாயமா இருக்கணும். சிங்கிள் ஏ-ல இடுப்பு பேட் கட்டாயம் இல்ல, பாக்கெட் மட்டும் வச்சிருப்பாங்க, பேட் தனியா வாங்கணும், இத தெரியாமதான் நெறையப் பேரு வாங்கிட்டு வந்துர்றாங்க.

பேட்டயும் வெளிய எடுத்து பாருங்க. அதுல ஈஎன் 1621-1னு எழுதி, பைக் ஓட்டுற ஆளோட படம் போட்டு, முட்டிக்கு கே, இடுப்புக்கு எச்-னு எழுத்தும், லெவல் 1 இல்லன்னா 2-ன்னும் இருக்கும். சோதிக்குறப்ப 50 ஜூல் பலத்துல அடிச்சா, லெவல் 1 பேட்டத் தாண்டி கீழ போற அடி சராசரியா 35 கிலோநியூட்டனுக்கு மேல போகக்கூடாது, லெவல் 2-ல 20-க்கு மேல போகக்கூடாது. காசு கொஞ்சம் கூட போட முடிஞ்சா முட்டிக்கு லெவல் 2 எடுங்க. எந்த எழுத்தும் இல்லாம வெறும் ஸ்பொஞ்ச் மாதிரி இருந்தா அது அலங்காரத்துக்கு வச்சது, அந்த லோங்ஸ வச்சிட்டு வந்துருங்க.

மூனாவது: உக்காந்து பாருங்க, இதுதான் பெரிய விஷயம்

கண்ணாடி முன்னாடி நின்னு பாத்து வாங்காதீங்க. பைக் இருந்தா பைக்ல, இல்லன்னா ஒரு கதிரைய திருப்பிப் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு, கால் வைக்குற கம்பியில வச்ச மாதிரி முட்டிய மடக்கி உக்காருங்க. அப்ப பேட்டோட நடு சரியா முட்டிச் சிரட்டை மேல இருக்கணும், கீழ கணைக்கால் முன் எலும்பு பக்கம் கொஞ்சம் எறங்கியும் இருக்கலாம். நிக்கிறப்ப கொஞ்சம் கீழ தொங்குற மாதிரி தெரியும், அது சரிதான், பயப்படாதீங்க. பேட் மேல தூக்கி தொடைக்கு வந்துருச்சுன்னா உள்ள பாக்கெட்ல வெல்க்ரோ வச்சு ஏத்தி எறக்குற வசதி இருக்கான்னு பாருங்க, நல்ல லோங்ஸ்ல இருக்கும்.

அடுத்து பேட்ட கையால புடிச்சு பக்கவாட்டுல திருகுங்க. ரெண்டு விரல் அளவு நகந்து போச்சுன்னா விழுறப்பவும் அப்படித்தான் நகரும், முட்டி வெளிய வந்துரும், லெவல் 2ஆ இருந்து என்ன பிரயோசனம். தொடையிலயும் முட்டியிலயும் புடிச்ச மாதிரி இருக்கணும், ஆனா கால தூக்கி சீட்டத் தாண்டி போட்டா தொடச்சந்துல இறுக்கக்கூடாது. உக்காந்தா கீழ்ப்பக்கம் மேல ஏறும், அதனால நிக்கிறப்ப குதிக்கால் வரைக்கும் நீளம் வேணும், சப்பாத்துக்கு மேல எலும்பு தெரியக்கூடாது.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம், விடியக்காலையில போறவங்க உள்ள ஒரு ஸ்கினி போடுவீங்க தானே, அதயும் போட்டுக்கிட்டே அளவு பாருங்க.

துணி, மழ

லெதர் லோங்ஸ் நல்லா தாங்கும், ஆனா நம்ம மழயில நனைஞ்சா காய நாள் கணக்காகும், அதனால நான் சொல்ல மாட்டேன். கெவ்லர் மாதிரி அராமிட் நூல் கலந்த டெனிம், இல்லன்னா கோர்டுரா மாதிரி கெட்டி நைலோன் துணி ரெண்டும் நல்லது. அராமிட் உள்பக்கம் முட்டியில மட்டும் ஒரு துண்டு வச்சிருக்கா, பின்பக்கம் இடுப்பு வரைக்கும் போகுதான்னு உள்ள திருப்பி பாருங்க.

மழைக்கு உள்ளயே தண்ணி புகாத லைனர் வச்ச லோங்ஸ விட, மேல போடுற ரெயின் பேன்ட் தனியா வச்சுக்கிறதுதான் என் யோசன. லைனர் உள்ள இருந்தா வெளித்துணி தண்ணி குடிச்சு பாரமாகி குளிர ஏத்தும். ரெயின் பேன்ட் சைலன்சர்ல பட்டா உருகி ஒட்டிக்கும், பொதுவா வலது பக்கம், அங்க கீழ கட்டுறதுக்கு பட்டி இருக்கான்னு பாருங்க.

காசு பத்தாதவங்களுக்கு

லெவல் 1 எழுத்து போட்ட, பட்டி வச்சு கட்டுற முட்டி கார்ட் ஒரு சோடி வாங்கி டெனிமுக்கு மேல கட்டுங்க, மேல ஒரு பட்டி கீழ ஒரு பட்டி ரெண்டும் வேணும். வழுக்குனா தோல் போறத அது முழுசா தடுக்காது, ஆனா முட்டிச் சிரட்டைய காக்கும். ஸ்கூலுக்கு ஸ்கூட்டியில போற டீச்சர்மாரு சேலைக்கு உள்ளயே கட்டலாம், இல்லன்னா பக்கத்துல முழு நீளம் சிப் வச்ச மேல் பேன்ட் போட்டு போய், ஸ்கூல்ல கழட்டிக்கலாம். சேல முந்தானை வீல்ல மாட்டுற ஆபத்தும் அதுல கொறையும்.

வாங்குனதுக்கப்புறம்

தொவைக்குறதுக்கு முன்னாடி பேட்ட கழட்டிருங்க, ப்ளீச் போடவே போடாதீங்க, அராமிட் நூல் அதுலயும் வெயில்லயும் பலம் கொறையும். நெழல்ல காய வைங்க. மழக்காலத்துல காயலன்னு அடுப்புக்கு மேல கொடியில போடுற பழக்கம் நம்ம வீட்டுல எல்லாம் இருக்கு, இந்த லோங்ஸ மட்டும் அங்க போடாதீங்க, சில நூல் 150 டிகிரி கிட்டயே உருகிரும். ஒருக்கா பலமா விழுந்துட்டா பேட் பாக்க நல்லா இருந்தாலும் புதுசு மாத்துங்க, முட்டியில தையல் பிரிஞ்சிருந்தா டெய்லர்கிட்ட தச்சு வாங்கி ரோட்டுக்கு போடாதீங்க, தோட்ட வேலைக்கு வச்சுக்கங்க.